பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே தேர்ந்தெடுங்கள்

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கிள்ளையைக் கடந்து வயல்வெளிகள் முடியும் இடத்தில் இருக்கிறது பிச்சாவரம் படகுத்துறை. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலைச் சேரும் கழிமுகங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளும் அவற்றைப் பிரிக்கும் எண்ணற்ற கால்வாய்களுமாகப் பரந்திருக்கும் அலையாத்திக் காடு இது. 2022ஆம் ஆண்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, சிதம்பரம் கோயிலுக்கு வருகிறவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்க்கும் இடம் என்ற நிலை மாறி, இதற்காகவே பயணம் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அப்படி வருகிறவர்கள் சீட்டு வாங்கும்போது எடுக்கும் முதல் முடிவே அன்றைய அனுபவம் முழுவதையும் தீர்மானித்துவிடுகிறது என்பதால், அதைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

துடுப்புப் படகு, விசைப்படகு என இரண்டும் இங்கே உண்டு. விசைப்படகு அகன்ற நீர்ப்பரப்பில் வேகமாகச் சுற்றிக் காட்டிக் கரை சேர்த்துவிடும். குடும்பமாக வருகிறவர்கள் பலரும் வெயிலையும் நேரத்தையும் கணக்கிட்டு அதையே கேட்கிறார்கள். ஆனால் பிச்சாவரத்தின் அழகு அகன்ற நீரில் இல்லை. இரு கரையிலும் நிற்கும் சுரபுன்னை மரங்களின் கிளைகள் தலைக்கு மேலே பின்னிக்கொண்டு கூரை போட்டிருக்கும் குறுகிய கால்வாய்களில்தான் அது இருக்கிறது. அங்கே துடுப்புப் படகு மட்டுமே நுழைய முடியும். அத்தகைய கால்வாய் ஒன்றுக்குள் நுழைந்ததும் படகோட்டி துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் கையால் பற்றித் தள்ளியே படகை நகர்த்தினார். வெளியே கண்ணைக் கூசவைத்த வெயில் அங்கே பச்சை நிழலாக மாறியிருந்தது. நீர் சொட்டும் ஓசையும், சேற்றில் ஏதோ குதித்து மறையும் ஓசையும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

இந்தக் காட்டை அருகிலிருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு வேறு எந்தக் காட்டிலும் எளிதில் வாய்க்காது. சுரபுன்னையின் தாங்கு வேர்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கி நீருக்குள் ஊன்றி நிற்பதையும், வெண்கண்டலின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலெழுந்து நிற்பதையும் கைக்கெட்டும் தொலைவில் பார்க்கலாம். சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, முற்றிய பின் சேற்றில் விழுந்து வேர்பிடிக்கிறது. அப்படித் தொங்குபவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டினால் போதும், பாடப்புத்தகம் தேவையில்லை. வெண்கண்டலின் இலையை விரலால் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கிறது, ஏனெனில் வேர் வழியே ஏறும் உப்பை அந்த மரம் இலையின் சுரப்பிகள் மூலமாகவே வெளியேற்றுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடவேண்டாம். சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான அதை ஊருக்குள் தேடுவதைவிட இங்கே காண்பது எளிது; ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலையும் பார்வைக் கேட்டையும் உண்டாக்கக் கூடியது.

இன்று நாம் பார்க்கும் பசுமை தானாக நிலைத்ததன்று. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை முழுவதும் வெட்டியெடுக்கும் முறை இங்கே நடைமுறையில் இருந்தது. நிழலை இழந்த மண் காய்ந்து தாழ்ந்து குழிவானது. ஓதத்தின்போது, அதாவது கடல் மட்டம் ஏறும் நேரத்தில், உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து, புதிய கன்று எதுவும் பிழைக்க முடியாத திடல்கள் உருவாயின. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள்ளின் வடிவில் கிளைக் கால்வாய்கள் வெட்டி, நீர் ஏறவும் வடியவும் வழிசெய்து, பிறகு கன்றுகளை நட்டார்கள். சீரான வரிசையில் மரங்கள் நிற்கும் பகுதியைப் படகிலிருந்து பார்க்கும்போது, அது மனிதர்கள் சேற்றில் இறங்கி உழைத்ததன் பலன் என்பது தெரிந்திருந்தால் அந்தக் காட்சிக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையின்போது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. காட்டுக்கு முன்னால், கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவக் குடியிருப்பு பேரழிவுக்கு உள்ளானது. கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே மரங்கள் நின்றதாலும் நிலம் சற்று உள்ளே தள்ளி இருந்ததாலும் அலையின் வேகம் தணிந்தது என்பதை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. பல படகோட்டிகள் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத அளவுக்கு இந்த நீரையும் மரங்களையும் பற்றிச் சொல்கிறார்கள். ஆழம் குறைந்த இடங்களில் இருளர் மக்கள் நீரில் அமர்ந்தபடி கையாலேயே துழாவி இறால் பிடிப்பதையும் காணலாம். அது அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுதான் முறை.

சேவையைப் பொறுத்தவரை என் மதிப்பீடு பெரும்பாலும் நிறைவானதே. லைஃப் ஜாக்கெட் அணிந்த பிறகே படகில் ஏறவேண்டும். நீரும் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான் என்பதால் முதியவர்களும் அச்சமின்றி வரலாம். குறுகிய நேரச் சவாரியை மட்டும் எடுக்காதீர்கள்: அகன்ற கால்வாயைக் கடந்து காட்டின் உட்பகுதியை நெருங்கும்போதே திரும்பும் நேரம் வந்துவிடும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உள்ள பலகையைப் பார்த்து, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பகுதி வரை என்பதைப் படகில் ஏறுவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. மரங்களையும் பறவைகளையும் பற்றி விளக்கமாகச் சொல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை ஒவ்வொரு படகுடனும் அனுப்பினால் இந்தச் சவாரியின் மதிப்பு இருமடங்காகும்; அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் நான் மகிழ்ச்சியுடன் கொடுப்பேன்.

உண்மையில் மனம் வருந்தச் செய்வது பயணிகளின் நடத்தைதான். கால்வாய்க்குள் ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்கவிட்டால் அந்தப் படகில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்தே பறவைகளை இழக்கிறார்கள். வேர்களுக்கிடையில் சிக்கும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிப்ஸ் உறையும் ஓதத்தில் அடித்துச் செல்லப்படுவதில்லை, அங்கேயே கிடக்கின்றன.

எப்போது போகலாம் என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதங்களைச் சொல்வேன். வலசைப் பறவைகள் இருக்கும், வெயிலும் தாங்கும். காலையில் முதல் படகுகளிலேயே ஏறிவிடுவது நல்லது. வார இறுதியிலும் பொங்கல் விடுமுறையிலும் கூட்டம் நெருக்குவதால் இயன்றவரை வேலைநாளில் போங்கள். நீர் ஏறியிருக்கும் நேரம் எது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால், வற்றிய நேரத்தில் புக முடியாத கால்வாய்களிலும் படகு போகும். தொப்பியும் குடிநீரும் கையோடு இருக்கட்டும். சிதம்பரத்திலிருந்து பேருந்து வசதி உண்டு. ஆனால் காலையில் சீக்கிரம் சேரவேண்டுமென்றால் ஆட்டோவோ காரோ அமர்த்திக்கொள்வதே நம்பகமானது, உணவுக்கும் தங்குவதற்கும் சிதம்பரத்திலேயே அதிக வசதி இருக்கிறது.