ஓபிஎஸ் ஸ்டுடியோவில் ஐந்து வருடம்: டேலி பாடத்துக்காக நான் மாற்றி வைத்த செட்டிங்குகள்

உரக்கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் கும்பகோணத்திலிருந்து போன் செய்தார். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஆல்ட் டி அழுத்தினேன், வவுச்சரே போயிடுச்சு." டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஆல்ட் டி அழுத்தினால், எழுதிய வவுச்சர், அதாவது அந்தக் கணக்குப் பதிவு, அழிந்துவிடும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்னது "இந்த இடத்தில் ஆல்ட் டி அழுத்த வேண்டாம்" என்று. என் பாட வீடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "அழுத்த" என்பதோடு குரல் நின்றுவிட்டது. "வேண்டாம்" இல்லவே இல்லை.

அந்தச் சொல்லைத் தின்றது, கணினித் திரையையும் குரலையும் வீடியோவாகப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் நான் போட்டிருந்த நாய்ஸ் கேட். குரல் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மைக்கை மூடிவிடும் ஃபில்டர் அது. மின்விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது என்று போட்டேன். அது வரும்போதே வைத்திருக்கும் அளவு, மைனஸ் 26 டெசிபலில் திறப்பது, மைனஸ் 32ல் மூடுவது. நான் எதையும் மாற்றவில்லை. நம் பேச்சில் வினை கடைசியில்தான் வருகிறது. செய்யவா வேண்டாமா என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. குரல் தாழ்வதும் சரியாக அங்கேதான். ஆக, வாக்கியத்தின் உயிரான இடத்தில் கதவு சாத்திக்கொள்கிறது.

நான் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். நெல் மண்டி, உரக்கடை, மளிகைக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு டேலியும் எக்செல்லும் சொல்லித் தருகிறேன். 2020ல் எல்லாம் மூடிக் கிடந்தபோது, பாதியில் நின்ற பாடத்தை முடித்துக் கொடுக்க ஓபிஎஸ்ஸை இறக்கினேன். இலவச மென்பொருள், திறந்த மூலம், வாட்டர்மார்க் கிடையாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது. அன்றிலிருந்து வேறு எதற்கும் மாறவில்லை. ஆனால் அதை இறக்கிய கையோடு அப்படியே பாடம் எடுத்துவிடலாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். லைவ் விடுபவர்களையும் மனதில் வைத்துச் செய்த கருவி அது. பாடத்துக்கு ஏற்ற மாதிரி நாம்தான் உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

சத்தத்தையே முதலில் சொல்கிறேன், அதிக நாள் எடுத்ததும் அதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்டதும் தவளைகள் விடிய விடியக் கத்தும். தை மாதம் அறுவடை மெஷின். பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக்காவடி வந்துவிட்டால் மைக் செட் ஓயாது. நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டரில் ஆர்என்நாய்ஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் மின்விசிறி இரைச்சல் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விடுகிறது. அறுவடை மெஷின் தள்ளி ஓடினால் அதையும் சமாளிக்கிறது. தவளை பாதி போகும். மைக் செட் பாட்டு போகவே போகாது. அதிலும் பாடுவது மனிதக் குரல்தானே, அதையும் என் குரலோடு சேர்த்துக் காப்பாற்றப் பார்க்கிறது. அந்த நாட்களில் விடியற்காலை 4 மணிக்குப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நாய்ஸ் கேட்டை முதலில் தளர்த்திப் பார்த்தேன். மூடும் அளவை மைனஸ் 48க்கு இறக்கி, மூடுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை 200 மில்லி செகண்டிலிருந்து 400 ஆக்கினேன். பரவாயில்லை என்று ஒரு வருடம் ஓட்டினேன். அப்புறம் மொத்தமாக எடுத்துவிட்டேன். இப்போது வரிசை இதுதான்: மேலே ஆர்என்நாய்ஸ், அதன் கீழே உரத்த ஒலியை அடக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர், கடைசியில் ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர். ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக வேலை செய்யும் என்பதால் இந்த வரிசை முக்கியம். கம்ப்ரஸர் மேலே இருந்தால் இரைச்சலையும் குரலையும் ஒரே மாதிரி தூக்கிவிட்டுவிடும், பிறகு சுத்தம் செய்வது கஷ்டம். கம்ப்ரஸரின் விகிதம் முதலில் 10க்கு 1 என்று இருக்கும். பேச்சுக்கு அது அதிகம், 3க்கு 1 போதும். அதோடு அவுட்புட் கெயினை, அதாவது வெளியே போகும் ஒலி அளவை, கொஞ்சம் ஏற்றினால், தாழ்ந்த கடைசிச் சொற்களும் தெளிவாகக் கேட்கின்றன. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்து படம். என்னிடம் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். என் பழைய லேப்டாப்பின் திரை 1366க்கு 768. அதை 1280க்கு 720 ஆகச் சுருக்கிப் பதிவு செய்தேன். இந்த மாதிரி கொஞ்சமாகச் சுருக்கும்போதுதான் எழுத்து அதிகம் குழம்புகிறது. ஆங்கில எழுத்து தப்பித்துவிடும், தமிழில் புள்ளி போய்விடும். 'ன்' எது 'ன' எது என்று தெரியாது. கணக்குத் தலைப்பைத் தமிழில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இது பெரிய குறை. பிறகு ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று வாங்கி, ஓபிஎஸ்ஸில் பேஸ் (திரையின் அளவு), அவுட்புட் (பதிவாகும் அளவு) இரண்டையும் 1920க்கு 1080 என்று ஒரே அளவில் வைத்தேன். விண்டோஸில் எழுத்தின் அளவை (ஸ்கேல்) 150 சதவீதமாக ஏற்றினேன். எழுத்து பெரிதாகவும் இருக்கிறது, சுருக்கும் வேலையும் இல்லை. வண்ணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஓபிஎஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்வி12 முறையில் திரையின் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் சேமிப்பாகும். அதனால் சிவப்பில் சின்னதாக எழுதினால் ஓரம் கலங்கும். அந்த முறையை மாற்றினால் பல போன்களில் வீடியோ ஓடாமல் போகலாம் என்பதால், நான் எழுத்தை மாற்றிக்கொண்டேன். வெள்ளையில் கறுப்பு, அவ்வளவுதான்.

ஃபைல் அளவுக்கு வருவோம். சிபிஆர் என்ற நிலையான பிட்ரேட்டில் (நொடிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு) 6000 கேபிபிஎஸ் வைத்தால் 20 நிமிடப் பாடம் கிட்டத்தட்ட 900 எம்பி வரும். டேலி திரை பாதி நேரம் அசையாமல்தானே இருக்கிறது, அதற்கும் அதே செலவு. தரத்தை நிலையாக வைத்து, தகவல் அளவைத் தேவைக்கேற்ப மாற்றும் சிஆர்எஃப் என்பதற்கு மாற்றி 20 கொடுத்தேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், அளவும் கூடும். இப்போது அதே பாடம் 150 எம்பியைத் தாண்டுவது அபூர்வம், எழுத்தும் சுத்தமாக இருக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் போதும்.

ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எம்பி4 ஆகவே பதிவு செய்தேன். ஒரு நாள் 40 நிமிடம் பேசி முடிக்கும் நேரத்தில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி அதற்கு முன்பே செத்திருந்தது. ஃபைல் இருந்தது, திறக்கவே இல்லை. எம்பி4ல் ஃபைலைப் படிப்பதற்கான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் அறுந்தால் அவ்வளவுதான். எம்கேவி என்ற ஃபைல் வகை அப்படி இல்லை, போன இடம் வரை மிஞ்சும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத எங்கள் பக்கத்தில் எம்கேவியை விட்டால் வேறு பேச்சே இல்லை. அட்வான்ஸ்டு பகுதியில், முடிந்ததும் தானாக எம்பி4 ஆக மாற்றும் வசதியை டிக் செய்து வைத்திருக்கிறேன். 2024ல் ஹைபிரிட் எம்பி4 என்று ஒன்று வந்தது, அதுவும் இந்த ஆபத்துக்கு மருந்துதான். நான் மாறவில்லை, பழகியது பழகிவிட்டது.

ஹாட்கீ, அதாவது ஒரு வேலைக்கென்று ஒதுக்கும் விசை, வைக்கும்போது டேலி சொல்லித் தருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவை இடைநிறுத்த நான் எஃப்9 வைத்திருந்தேன். டேலியில் எஃப்9 கொள்முதல் வவுச்சர். ஓபிஎஸ்ஸின் ஹாட்கீ எந்தத் திரையில் இருந்தாலும் வேலை செய்யும். யூரியா, டிஏபி வாங்கிய பில்லைப் பதிவதற்கு எஃப்9 அழுத்தியதுமே பாடம் நின்றுவிட்டது. நான் தெரியாமல் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எஃப்4 முதல் எஃப்9 வரை எதையும் தொடாதீர்கள். நான் கண்ட்ரோல் ஷிப்ட் பி வைத்திருக்கிறேன். இடைநிறுத்தும் பொத்தானே தெரியவில்லை என்றால், பதிவின் தரம் 'ஸ்ட்ரீம் போலவே' என்று இருக்கிறதா பாருங்கள். அதை மாற்றினால் வந்துவிடும்.

ஒரு விண்டோவை மட்டும் பதிவு செய்யும் விண்டோ கேப்சர் நல்லதுதான், ஆனால் ரைட் கிளிக்கில் விரியும் மெனு பல நேரம் அதில் பதிவாவதில்லை. 'எங்கே அழுத்தினீர்கள் என்றே தெரியவில்லை' என்று இரண்டு பேர் கேட்ட பிறகு, முழுத் திரையையும் பதிவு செய்யும் டிஸ்பிளே கேப்சருக்கு மாறினேன். அதில் மூலையில் எட்டிப்பார்க்கும் மெசேஜ் எல்லாம் பதிவாகிவிடும், ஓடிபி கூட. ஆகவே பதிவுக்கு முன் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட வேண்டும்.

இந்த செட்டிங்குகளை எல்லாம் ஒரு புரொஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் வைத்திருக்கிறேன். கணினி மாறியபோது ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் ஃபில்டர்கள் புரொஃபைலில் வராது. அவை சீன்களோடு, அதாவது நாம் அமைத்த திரைக் காட்சிகளோடு, சேர்ந்தவை. சீன் கலெக்‌ஷனைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

இப்போதும் ஒவ்வொரு பாடத்துக்கும் முன் முதலில் ஒரு சின்னச் சோதனைப் பதிவு செய்கிறேன். "இந்த இடத்தில் ஆல்ட் டி அழுத்த வேண்டாம்." அதைப் போனுக்கு அனுப்பி, இயர்போன் இல்லாமல், மின்விசிறி ஓட ஓடக் கேட்பேன். 'வேண்டாம்' காதில் விழுந்தால்தான் பாடத்தைத் தொடங்குவேன்.