ரெஸ்ற் சேர்வருக்கும் லைவ் சேர்வருக்கும் ஒரே ஏபிஐ கீயா, தனித்தனியா?

நல்லூரில் ஒரு கெஸ்ற் ஹவுஸுக்கு சைற் செய்தாலே அது மூன்று இடங்களில் ஓடும்: மடிகணினியில் லோக்கல்ஹோஸ்ற் (அந்தக் கணினிக்குள் மட்டும் ஓடும் பிரதி), சிங்கப்பூரில் ஒத்திகைக்கு ஒரு மலிவான ரெஸ்ற் சேர்வர், கடைசியில் உரிமையாளர் கனடாவில் இருந்து காசு கட்டும் ஷெயார்ட் ஹோஸ்ரிங் (பலர் பகிரும் சேர்வர்; லைவ் சைற் இதில்தான்). மப், கப்சா, பேமன்ற் கேற்வே என்று நாலைந்து ஏபிஐ கீ (வெளிச் சேவை நம் சைற்றை அடையாளம் காணும் குறி) சேர்ந்துவிடும். வைத்திருக்க மூன்று வழி உண்டு: எல்லாவற்றுக்கும் ஒரே கீ, சேர்வருக்கு ஒரு கீ, இல்லாவிட்டால் சீக்ரெற் மனேஜர் (கீகளைப் பூட்டி வைக்கும் சேவை). நாங்கள் பிடித்துக்கொண்டது இரண்டாவதை. ஆகவே இந்தக் கணக்கு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒரே கீயின் வசதியை விளக்கத் தேவையில்லை. பிழை எங்கே என்றால், கூகுள் மப் கீ பிரவுசரில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு இருக்கும் முக்கிய வேலி ரெஃபரர் கட்டுப்பாடு, அதாவது எந்த சைற் முகவரிகளில் கீ ஓடலாம் என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் லோக்கல்ஹோஸ்ற்றையும் சேர்த்துவிட்டால், கீயை எடுத்த எவரும் தன் லோக்கல்ஹோஸ்ற்றில் போட்டு ஓட்டலாம். பில் கெஸ்ற் ஹவுஸ்காரருக்கு.

ஆனால் எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: கீயை அழிக்க வேண்டிய நாள். கீகளை வைக்கும் '.என்வ்' கோப்பை யாரோ தவறுதலாகக் கிட்டில் (கோட் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) ஏற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். அடுத்த கொமிற்றில் (பதிவில்) கோப்பை நீக்கினாலும் பழைய வரலாற்றில் கீ அப்படியே கிடக்கும்; கீயை ரத்துச் செய்வதுதான் மருந்து. ஒரே கீ என்றால் ரத்துச் செய்த கையோடு லைவ் சைற்றிலும் மப் போய்விடும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் அறைகள் நிரம்பும் காலம்; அந்த நேரம் லைவ் கீயில் கைவைக்க ஒருவரும் துணியார். "திருவிழா முடியட்டும்" என்று தள்ளிப்போட, கசிந்த கீ உயிரோடு இருக்கும். ரெஸ்ற்றுக்குத் தனிக் கீ என்றால் மத்தியானமே அழித்துவிட்டுப் புதியது போடலாம்.

லைவ் கீயையே மாற்ற வேண்டி வந்தால் வரிசை முக்கியம். புதிய கீயை உருவாக்கி, கட்டுப்பாடுகளைப் போட்டு, சேர்வரில் மாற்றுங்கள். லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) என்றால் கொன்ஃபிக் காஷை, அதாவது சேமித்து வைத்த அமைப்புகளை, திரும்ப உருவாக்குங்கள். இல்லாவிட்டால் பழைய கீதான் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கீயில் பாவனை நின்றுவிட்டதைக் கூகுள் கொன்சோலில் பார்த்த பிறகே அழியுங்கள்.

தனித்தனிக் கீயிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. கூகுளில் கோட்டா (அழைப்புகளின் உச்ச எண்ணிக்கை) புரொஜெக்ற் (கீகளை வைத்திருக்கும் பிரிவு) அளவில்தான் எண்ணப்படும், கீ அளவில் அல்ல. ஒரே புரொஜெக்ற்றில் இரண்டு கீ வைத்தால், ரெஸ்ற்றில் சுழலும் ஒரு பிழையான லூப் லைவ் சைற்றின் கோட்டாவையும் தின்றுவிடும். ஆகவே புரொஜெக்ற்றும் இரண்டு வேண்டும். ரெஃபரர் போட்ட கீயைச் சேர்வரில் இருந்து ஜியோகோடிங்குக்கு (முகவரியை மப் புள்ளியாக்கும் சேவை) அழைத்தால் மறுப்புத்தான் வரும். அதற்கு ஐபி கட்டுப்பாடு போட்ட வேறு கீ தேவை. வீட்டு ஃபைபரின் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் மடிகணினிக் கீக்கு ஐபி பூட்டு சரிவராது. ரெஸ்ற் புரொஜெக்ற்றுக்கு நாள் கோட்டாவைச் சின்னதாக வைப்பது மேல்.

வேர்ட்பிரஸ்தான் பெரிய தொல்லை. பல பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) கீயை டேற்றாபேஸில் எழுதும். லைவ் டேற்றாபேஸை ரெஸ்ற்றுக்குக் கொப்பி பண்ணினால் லைவ் கீயும் கூடவே வந்துவிடும். பிளகின் இடம் கொடுத்தால் கீயை டபிள்யூபி-கொன்ஃபிக் கோப்பில் மாறிலியாக வையுங்கள். இடம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கொப்பிக்குப் பிறகும் கையால் மாற்ற வேண்டியதுதான். '.என்வ்' கோப்பை வெப் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே, 600 அனுமதியோடு (கோப்பின் உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத) வையுங்கள். உள்ளே கிடந்தால், சேர்வர் தடுக்காவிட்டால் எவரும் பிரவுசரில் வெறும் எழுத்தாகவே வாசிக்கலாம்.

இலங்கையின் பேஹியர் போன்ற பேமன்ற் கேற்வேயில் இந்த விவாதமே இல்லை. சாண்ட்பொக்ஸ் (ஒத்திகைக்) கணக்கு வேறு, டொமைனுக்கு டொமைன் சீக்ரெற் வேறு. பணம் கட்டியதை அறிவிக்கும் அழைப்பு லோக்கல்ஹோஸ்ற்றுக்கு வந்து சேராது என்பதால் அந்தப் பகுதியை ரெஸ்ற் சேர்வரில்தான் பார்க்க வேண்டும்.

சீக்ரெற் மனேஜர் நல்ல சாமான்தான். ஆனால் அதைத் திறக்கவும் ஒரு சாவி வேண்டும், ஷெயார்ட் ஹோஸ்ரிங்கில் அந்தச் சாவி மறுபடியும் ஒரு கோப்பில்தான் போய்க் குந்தும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் இடத்துக்கு இது கூடின சுமை. சைற்றுகள் பெருகி, ஆட்கள் வந்து போகத் தொடங்கினால் எங்கள் கணக்கு மாறலாம்.

லைவ் புரொஜெக்ற்றை உரிமையாளரின் கூகுள் கணக்கிலும் வங்கி அட்டையிலுமே தொடங்குங்கள், ரெஸ்ற்றை உங்களுடையதில். கையளிக்கும் நாளில் உங்கள் புரொஜெக்ற்றை மூடிவிட்டால் போதும். எதையாவது மறந்திருந்தால் மீட்டெடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது.