வியர்க்கும் கைக்கு எந்த ஓவர்கிரிப்?

போன ஏப்ரலில் ஒரு காலை, ஏழரை மணி டென்னிஸ் ஆட்டத்தில் சர்வ் போடும்போது ராக்கெட் கையை விட்டுப் பறந்து நெட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. எதிரே நின்றவர் சிரித்துக்கொண்டே, "கிரிப்பை மாத்துங்க சார்" என்றார். மாற்றி நான்கே நாள்தான் ஆகியிருந்தது. ஓவர்கிரிப், அதாவது கைப்பிடியின் கிரிப்புக்கு மேல் சுற்றும் மெல்லிய பட்டை, ஒட்டும் ரகமா, உலர் ரகமா என்ற பஞ்சாயத்தில் அன்றைக்குத்தான் இறங்கினேன்.

ஒட்டும் ரகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. யோனெக்ஸ் சூப்பர் கிராப், வில்சன் ப்ரோ எல்லாம் இந்த வகை. பெடரர் சுற்றியதும் வில்சன் ப்ரோதான். 0.6 மி.மீ. கனம், தொட்டால் மெத்தென்று ஒட்டும். உள்ளங்கை வியர்க்காதவர்கள் இதையே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

உலர் ரகத்தில் பேர்போனது டூர்னா கிரிப், வெளிர்நீலச் சுருள். சாம்ப்ராஸ் கையில் பார்த்திருப்பீர்கள். முதலில் தொட்டுப் பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது: காகிதம் மாதிரி, ஒட்டே இல்லை. அதன் குணமே ஈரம் பட்ட பிறகுதான் தெரியும். இரண்டாவது கேமில் கை நனைந்ததும் பிடி இறுகுகிறது. கை காய்ந்திருந்தால் வழுக்கும் என்பதால் ஆட்டம் தொடங்கும்போது உள்ளங்கையில் ஊதிக்கொள்கிறேன். பார்க்க அசிங்கம்தான்.

டூர்னாவைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை, சீக்கிரம் போய்விடும் என்பது. உண்மைதான். எனக்கு மூன்று, நான்கு ஆட்டத்தில் கட்டைவிரல் படும் இடம் நைந்து, திரிதிரியாய் உதிர ஆரம்பிக்கும். ஒட்டும் கிரிப் ஒரு மாதமானாலும் கிழியாது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் அது எத்தனை நாள் பிடித்தது? சென்னைக் கோடையில் என் கையில் முதல் செட் முடிவதற்குள் சோப்பு தடவின மாதிரி ஆகிவிடும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும், அடுத்த நாள் அதே கதை. கிழியவில்லையே என்று வைத்துக்கொண்டு, வழுக்கும் கைப்பிடியை இறுக்கி இறுக்கி முழங்கையில் வலி வாங்கியதுதான் மிச்சம். பிடிக்கிற நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எனக்கு டூர்னாதான் மலிவு. அதுவும் பத்து உள்ள பையாக வாங்கினால்.

தோல் கிரிப்பும் உண்டு. நண்பர் ராக்கெட்டில் ஒரு செட் ஆடியதோடு சரி. கைப்பிடியின் எட்டுப் பட்டையும் விரலுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அதற்குமேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

சுற்றும் முறை ஒட்டும் ரகம், உலர் ரகம் இரண்டுக்கும் ஒன்றுதான். அடியிலுள்ள பழைய கிரிப்பைக் கழற்றாதீர்கள், அதன் மேல்தான் இது. குறுகலான முனையைக் கைப்பிடியின் அடிப்பகுதியில் ஒட்டி, ஒரு முழுச் சுற்று அங்கேயே சுற்றி, பிறகு மேலே ஏறுங்கள். பழைய கிரிப் போகும் திசையிலேயே போனால் வலக்கைக்காரர்களுக்குச் சரியாக வரும். இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் முதல் தடவை எதிர்த்திசையில் சுற்றி, ஒவ்வொரு ஓரமும் உள்ளங்கை உரசி எழும்பிக்கொண்டு நின்றது. ஒரு சுற்று அடுத்ததன் மேல் 3 மி.மீ. ஏறினால் போதும். ஒட்டும் ரகம் என்றால் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு நன்றாக இழுத்துச் சுற்றலாம். டூர்னாவை அப்படி இழுத்தால் மெலிந்து இன்னும் சீக்கிரம் கிழிகிறது. மேலே வந்ததும் மிச்சத்தைச் சாய்வாக வெட்டி, டேப் போட்டு, ரப்பர் வளையத்தை அதன் மேல் இறக்கிவிடுங்கள்.

எதைச் சுற்றினாலும் கைப்பிடி ஏறக்குறைய அரை சைஸ் பருக்கும். எல் 3 என்ற கைப்பிடி சைஸ் பிடித்தவன் நான், இப்போது எல் 2 வாங்கித்தான் சுற்றுகிறேன்.

டிசம்பர், ஜனவரி காலைகளில் மட்டும் பழைய வெள்ளை ஒட்டும் கிரிப்புக்கே திரும்பிவிடுகிறேன். அந்தக் குளிரில் எவ்வளவு ஊதினாலும் டூர்னா மசியவில்லை.