கிட்டாரோடு விமானம் ஏற: கையிலா, கீழேயா, பக்கத்து சீட்டிலா?

“மாமா, கிட்டாரைக் கையிலேயே கொண்டு போயிரலாமா?” ஷார்ஜாவில் வேலை கிடைத்ததும் அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி இது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் தெருவுக்கு ஒரு கிட்டாராவது இருக்கும். சர்ச்சில் வாசித்துப் பழகிய பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகும்போது அதை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வராது. எங்களுக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தான்.

இருக்கிற வழிகளை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். அந்த வழி சொதப்பினால் கிட்டார் எங்கே, என்ன நிலையில் இருக்கும்?

துணிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கேபினுக்குள் ஏறுவதைத்தான் பலரும் விரும்புகிறார்கள். நம் ஊர் விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ, 55 × 35 × 25 செ.மீ. என்பதுதான் கணக்கு. எடையில் பிரச்சினை இல்லை, கிட்டார் இரண்டு கிலோ சொச்சம்தான் இருக்கும். ஆனால் 41 அங்குல கிட்டார் என்றால் நீளம் 104 செ.மீ. அனுமதித்ததைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக, ஏற்றுவதும் மறுப்பதும் அன்றைக்கு நிற்கிறவரின் மனசு. அமெரிக்காவில் இடம் இருந்தால் கிட்டாரைக் கேபினில் ஏற்றத்தான் வேண்டும் என்று 2015 முதல் விதி உண்டு. அதை இங்கே காட்டி வாதாட முடியாது.

எனக்கு நடந்தது இது. செக்-இன் கவுன்டரில் ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தின் வாசலில், “சேட்டா, இது கேபினில் பற்றில்ல” (அண்ணா, கேபினில் முடியாது) என்று ஒரு டேக்கைக் கட்டி, துணிப் பையோடு கீழே அனுப்பிவிட்டார்கள். இறங்கி அறைக்குப் போய்த் திறந்தால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சுருதி நிற்கவில்லை. தலைப் பகுதியைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்து தலையோடு சேரும் இடத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு. பெருவிரலால் அழுத்தினால் வாய் திறந்தது.

அந்த இடம் உடைவதற்குக் காரணம் இருக்கிறது. கழுத்து அங்கேதான் மெலிசு. பல கிட்டார்களில் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பதால், மல்லாக்க விழுந்தால் அந்தத் தலைதான் அடி வாங்கும். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு வேறு இழுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் என் ஓட்டு ஹார்டு கேஸில் வைத்து, நாமே முன்வந்து லக்கேஜில் போடுவதற்குத்தான். இங்கே சொதப்பல் என்றாலும் கிட்டார் கெட்டியான பெட்டிக்குள் இருக்கும். கேஸ் மட்டும் நாலைந்து கிலோ வரும். கிட்டாரோடு சேர்த்தால் உள்நாட்டில் பெரும்பாலும் கிடைக்கும் 15 கிலோவில் கிட்டத்தட்ட பாதி போய்விடும், வளைகுடா டிக்கெட்டில் அவ்வளவு நெருக்கடி இல்லை. பூட்டுவதற்கு முன் தலைக்குக் கீழேயும் மேலேயும் துண்டை மடித்து வையுங்கள். கேஸைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. கம்பிகளை முழுக்கக் கழற்ற வேண்டாம், சுருதியை ஒன்றிரண்டு டோன் இறக்கி, கொஞ்சம் தளர்த்தினால் போதும். கம்பி வெட்டும் கட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கீழே போகிற பெட்டியில் இருக்கட்டும். சரக்கு அறையில் காற்றழுத்தம் இல்லாமல் கிட்டார் வெடிக்கும் என்பார்கள். அங்கேயும் கேபினில் உள்ள அதே அழுத்தம்தான்.

கொடுப்பதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 டாலர். துணிப் பையில் கொடுத்திருந்தால், பேக்கிங் சரியில்லை என்று அவர்கள் சொல்ல நாமே இடம் கொடுத்த மாதிரி.

பக்கத்து சீட்டை வாங்குவது கையால் செய்த, விலை உயர்ந்த கிட்டாருக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். எல்லா நிறுவனமும் தருவதில்லை. முன்கூட்டியே பேசி உறுதி செய்ய வேண்டும், பெரும்பாலும் ஜன்னல் சீட்டில்தான் கட்டுவார்கள். லிட்டில் மார்ட்டின், பேபி டெய்லர் போன்ற குட்டி கிட்டார்களும் 85 செ.மீ. வாக்கில் வருகின்றன. 55 செ.மீ. கணக்குக்குள் அவையும் அடங்காது. கழுத்தைக் கழற்றுகிற, மடிக்கிற வகைகளில் சில கிட்டத்தட்ட அடங்கும், ஆனால் விலை அதிகம்.

கிட்டாரில் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) இருந்தால் எல்லை தாண்டப் பயப்பட வேண்டியதில்லை. அந்த மரத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோக 2017இல் உலகம் முழுக்க வந்த கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்னொரு ஆபத்து. நம் ஊர் ஈரக் காற்றில் இருந்த மரம் அங்கே இரவும் பகலும் ஏ.சி.யில் காயும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களின் முனைகள் விரலைக் கீறத் தொடங்கினால் மரம் சுருங்குகிறது என்று அர்த்தம், அப்புறம் முன்பலகை வெடிக்கும். சோப்பு டப்பாவில் ஓட்டைகள் போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, கேஸில் தலைப் பக்கம் போட்டு மூடி வைக்க அக்கா மகனிடம் சொன்னேன். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது.

சென்னைக்கு என்றால் விமானமே வேண்டாம். நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறி, மேல் பெர்த்தில் கிட்டாரைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டால், விடியும்போது அது வைத்த இடத்திலேயே இருக்கும்.