பத்து நாளில் வந்த '24 மாத' டீசல் ரிப்போர்ட்

ஜெனரேட்டருக்காக டீசல் சேர்த்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் ஜெனரேட்டர் எப்போதாவதுதான் ஓடும். டேங்கில் இருக்கும் டீசல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு தனியார் லேபில் சாம்பிள் கொடுத்தேன். பத்தாவது நாளே ரிப்போர்ட் வந்தது. 'ஏ.எஸ்.டி.எம். டி 4625 முறைப்படி 24 மாதம் சேமிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். (ஏ.எஸ்.டி.எம். என்பது சோதனை முறைகளை வகுக்கும் அமைப்பு; டி 4625 என்பது சேமித்த டீசல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் முறை.) நம்பினேன். பத்து மாதம்கூட ஆகவில்லை, அவசரமான நேரத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனது. ஃபில்டரைக் கழற்றினால் பழுப்பாக, பிசின் மாதிரி அப்பிக்கிடந்தது. தண்ணீரோ பூஞ்சையோ இல்லை, டீசலே கெட்டிருக்கிறது என்று இன்னொரு லேபில் சொன்னார்கள்.

அப்புறம்தான் அந்த டி 4625 சோதனையை எப்படிச் செய்வார்கள் என்று தேடிப் படித்தேன். வயிறு எரிந்தது. 400 மி.லி. டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, 43 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்காக வைத்திருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, வடிதாளில் தங்கியதையும் பாட்டிலில் ஒட்டியதையும் எடை போட வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு வாரம் இருப்பது, 21 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மாதம் இருப்பதற்குச் சமம். அப்படியானால் 24 மாதம் என்று சொல்ல 24 வாரம் வேண்டும். பத்து நாளில் எப்படி வந்தது?

பல முறை போன் செய்து கேட்ட பிறகு ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது டி 2274. டீசலை 95 டிகிரியில் வைத்து, ஆக்ஸிஜனை உள்ளே விட்டு, 16 மணி நேரத்தில் முடிக்கும் சோதனை. அதுவும் முறையான சோதனைதான், தவறு சொல்லவில்லை. ஆனால் உங்கள் டேங்கில் இத்தனை மாதம் தாங்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எடை போட்ட கணக்கைக் கேட்டேன், தரவில்லை. பணமும் திரும்பவில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நான் பழைய பிளாஸ்டிக் கேனில், டேங்கின் மேல்மட்டத்திலிருந்து மட்டும் எடுத்துப்போன சாம்பிளை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். சுத்தமான, நிறமேற்றிய கண்ணாடி பாட்டில் போன்றதில் கொண்டுபோயிருக்க வேண்டும். கசடும் தண்ணீரும் அடியில்தான் தங்கும், அங்கேயும் எடுத்திருக்க வேண்டும். அக்கறையுள்ள லேப் இதை முதலிலேயே சொல்லியிருக்கும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் தேதிகளைப் பாருங்கள். சோதனை தொடங்கிய நாள், முடிந்த நாள், சூடு, எத்தனை வாரம், 100 மி.லி.க்கு எத்தனை மி.கி. படிவு, இவ்வளவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது புது டீசலை வேறு லேபில் கொடுத்திருக்கிறேன். நாலாவது வார எடை வந்துவிட்டது, எட்டாவது வாரத்துக்குக் காத்திருக்கிறேன்.