சர்வேயா, நேர்காணலா? ப்ராஜெக்ட்டுக்கு எது ஒத்துவரும்

எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. கடைசி செமஸ்டரில் பலரும் திணறுவது இங்கேதான்: கேள்வித்தாள் கொடுப்பதா, உட்கார்ந்து பேசுவதா?

எத்தனை பேர்?
சர்வே: பெரிய மக்கள்தொகை, 95 சதவீத நம்பக அளவு (இதே சர்வேயை நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை விடை பிழை வரம்புக்குள் நிற்கும்), 5 சதவீதப் பிழை வரம்பு (உண்மை நிலவரத்திலிருந்து 5 புள்ளி மேலோ கீழோ போகலாம்) என்றால் சுமார் 384 பேர். அதுவும் குலுக்கல் முறையில் எடுத்தால்தான். வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்மைத் தட்டிவிட்டு 400 பதில் வாங்கினால் இந்தக் கணக்கு செல்லாது.
நேர்காணல்: ஒரே மாதிரியான ஆட்கள் என்றால் 12 பேரிலேயே புதுச் செய்தி வற்றிவிடலாம்.

உழைப்பு?
சர்வே: வேலையெல்லாம் முன்னால். கேள்வியைச் செதுக்கி, சிலரிடம் கொடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.
நேர்காணல்: பின்னால். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே நாலைந்து மணி நேரம் போகும். முதுகு கழன்றுவிடும்.

கிடைப்பது என்ன?
வேலைக்குப் போகும் ஒரு மருமகளிடம் "உங்கள் சம்பளத்தை நீங்களே செலவு செய்கிறீர்களா?" என்று கேளுங்கள். சர்வேயில் 'பெரும்பாலும்' என்று டிக் விழும். நேரில் கேட்டால், "நான்தான் செலவு பண்றேன்... ஏடிஎம் கார்டு மட்டும் அத்தைகிட்ட இருக்கும்" என்று வரும்.

எத்தனை பேர், எவ்வளவு என்பது கேள்வியானால் சர்வே. ஏன், எப்படி என்றால் நேர்காணல். பெயர் தெரியக்கூடாத விஷயத்துக்குப் பெயரில்லாத கேள்வித்தாளே மேல். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் எந்த நேர்காணலும் தேறாது.