பூசணத்தின் மேல் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்: கேம்பர் வேன் பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கேம்பர் வேனில், அதாவது படுக்கையும் சமையல் வசதியும் உள்ள பயண வண்டியில், பிரிட்ஜ் பக்கத்தில் ஈரமோ பூசணமோ தென்பட்டு, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பணம் போனது பெரிய வருத்தம்தான். ஆனால் அவர்கள் செய்த வேலை எங்கள் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம். எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

வண்டி பழசு, இரண்டாம் கையாக வாங்கியது. பிரிட்ஜ் மின்சாரத்திலும் கேஸிலும் ஓடும் ரகம். வாங்கிய சில மாதங்களில், பிரிட்ஜின் கீழ் மூலையில் தரையை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். வண்டிக் கதவைத் திறந்ததும் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல் ஒரு வாடை. என் மனைவிக்கு உள்ளே படுத்தாலே தும்மல். சரி, வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று, இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம்.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தது, மாற்றிவிட்டோம் என்றார்கள். வெளிப்பக்கத்து வென்ட் (பிரிட்ஜுக்குப் பின்னால் வண்டிச் சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் காற்றுத் துளை மூடி) வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது, சுற்றிலும் சிலிகான் பசை போட்டு அடைத்துவிட்டோம் என்றார்கள். உள்ளே மூலை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பில்லில் ‘நீர்க்கசிவு முழுமையாகச் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். நாங்களும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். வெள்ளைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கீறினேன், தோல் போல உரிந்து வந்தது. அடியில் அதே கறுப்பு, முன்பைவிட அடர்த்தியாக. பூசணத்தைச் சுரண்டக்கூட இல்லை, அதன் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிரிட்ஜுக்கு முன்னால் காலை வைத்தால் தரை லேசாக அமுங்கியது.

போன் செய்தேன். “சார், வண்டிக்குள்ள ஆளுங்க படுத்தா ஈரம் வரத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து வச்சுப் படுங்க” என்றார் அங்கே இருந்தவர். இரண்டாம் முறை கூப்பிட்டபோது, கூலிங் யூனிட்டே ஒழுகலாம், புதிதாக மாற்றிவிடுவது நல்லது என்றார்.

அவர் முதலில் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் சில நாள் நம்பினேன். இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டர் அளவுக்கு ஈரம் காற்றில் கலக்கும். ஆனால் அது முதலில் எங்கே படியும்? ஜன்னல் கண்ணாடியில், கதவின் உலோகச் சட்டத்தில், எது குளிர்ந்திருக்கிறதோ அதில். எங்கள் கண்ணாடிகள் காய்ந்து கிடந்தன. ஒரே ஒரு மூலை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

மழையும் காரணமில்லை. இரண்டு வாரம் ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் அந்த மூலை காயவில்லை. கூலிங் யூனிட் ஒழுகுகிறது என்ற பேச்சும் பொருந்தவில்லை. இந்த வகை பிரிட்ஜுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் வாயு இருக்கும். யூனிட் ஒழுகினால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வரும், பின்பக்கக் குழாய்களில் மஞ்சளாக உப்புப் படியும், குளிர்ச்சியும் போய்விடும். எங்கள் பிரிட்ஜ் நன்றாகவே குளிர்ந்தது, நெடி எதுவும் இல்லை.

ஈரம் அறைக்காற்றிலிருந்து வந்து படிகிறதா, மரத்துக்குள்ளிருந்து ஊறி வருகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. உள்ளங்கை அளவு அலுமினியத் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளின் வெளிமுகம் காய்ந்திருந்தது. பிரித்தால் உள்முகம் முழுக்க நீர்த்துளி. அப்படியானால் தண்ணீர் பின்னாலிருந்துதான் வருகிறது.

பின்னால் தண்ணீருக்கு என்ன வேலை? பிரிட்ஜுக்குள் பின்சுவரில் குளிர்ச்சி தரும் உலோகத் தகடுகள் இருக்கும். உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் அதில் உறைபனியாகப் படிந்து, உருகி, கீழே உள்ள சின்னத் தட்டில் விழும். தட்டின் ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரிட்ஜுக்குப் பின்னால் இறங்கி, வெளிப்பக்கத்துக் கீழ் வென்ட் வழியாக அந்தத் தண்ணீரை வண்டிக்கு வெளியே விட வேண்டும். கதவை அடிக்கடி திறக்கும் புழுக்கமான நாட்களில் இது கணிசமாகவே சொட்டும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் சிவப்பு உணவுச் சாயம் கலந்து அந்தத் தட்டில் மெல்ல ஊற்றினேன். என் மனைவி வெளியே கீழ் வென்ட்டுக்கு நேராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணுமே வரலைங்க” என்றாள். அரை மணி நேரத்தில், உள்ளே, பிரிட்ஜுக்கு அடியிலிருந்த பிளைவுட்டின் விளிம்பு இளஞ்சிவப்பாக மாறியது.

அப்புறம் வெளியே போய்க் கீழ் வென்ட் மூடியைத் திறக்கப் பார்த்தேன். திறக்க முடியவில்லை. சுற்றிலும் சிலிகான். திருகுகளின் மேலும் சிலிகான். காற்றுப் போகும் கீழ் இரண்டு வரிசைத் துளைகளையும் சேர்த்தே பூசி அடைத்திருந்தார்கள். பிளேடு வைத்து அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மூடி கழன்றதும் எதிரிலேயே குழாயின் நுனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது, நழுவி உள்ளே தொங்கி, சிவப்புத் தண்ணீரைப் பிளைவுட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மூடியை அவர்கள் ஒரே ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் போதும். கையால் குழாயை வெளியே இழுத்துவிட்டு ஒரு கிளிப் மாட்டுகிற வேலை. ஒன்பது நாளில் அதைச் செய்யாமல், தேங்கிய ஈரம் காய்வதற்கு இருந்த வழியையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அதற்காக மட்டும் இல்லை. அந்த வென்ட் சும்மா ஒரு ஜன்னல் இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். அது வெளியேறக் கீழ் வென்ட்டின் துளைகள்தான் வழி. பிரிட்ஜ் கேஸில் ஓடும்போது அதன் பின்னால் ஒரு பர்னர் எரியும், அதற்குத் தேவையான காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. காற்றுக் குறைந்தால் தீ சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தவிர, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது மேல் வென்ட் வழியாகப் போய்விட வேண்டும். கீழிருந்து காற்று ஏறாவிட்டால் அந்த ஈரமும் பிரிட்ஜின் பின்னாலேயே சுற்றும். நாங்கள் அந்த மூன்று வாரத்தில் நான்கு இரவுகள் கேஸில் பிரிட்ஜை ஓடவிட்டு உள்ளே தூங்கியிருக்கிறோம்.

கேஸ் இணைப்பைக் கழற்ற உரிமம் உள்ள ஒருவரை அழைத்து வந்து பிரிட்ஜை வெளியே எடுத்தோம். அவர் மீட்டரை வைத்தபோது பிளைவுட்டில் ஈரம் 28 சதவீதம் காட்டியது. 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டிவிட்டால் மரம் மட்கத் தொடங்கும் என்றார். விரல் அழுத்தினால் உதிர்ந்த பகுதியை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. பூசணத்துக்குப் பிளீச் ஊற்றச் சொல்லிப் பலர் ஆலோசனை சொன்னார்கள். மரத்தில் அது மேலே மட்டும் வெளுக்கும், உள்ளே இறங்கியிருக்கும் வேர் அப்படியே இருக்கும். அதோடு, பிளீச் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப்புகை வரும். அம்மோனியா நிரப்பிய கருவிக்குப் பக்கத்தில் அதைக் கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீதி மரத்தை முகமூடி போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, பேன் வைத்து இரண்டு வாரம் காயவிட்டு, மீட்டர் 13 காட்டிய பிறகுதான் புதுப் பலகை அடித்தோம். குழாயைக் கிளிப் போட்டு வெளியே நிறுத்தி, தண்ணீரை வெளியே விட்டு, காற்றை மட்டும் உள்ளே விடாத சின்ன ரப்பர் மூடியையும் நுனியில் மாட்டியாயிற்று.

கழற்றிய பழைய கதவு ரப்பரை அவர்கள் ஒரு பையில் போட்டு வண்டியிலேயே விட்டிருந்தார்கள். எடுத்து முழு நீளமும் வளைத்துப் பார்த்தேன். ஒரு கிழிசல்கூட இல்லை. ரப்பர் பிடிக்கிறதா என்று அறிய, கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் போதும். லேசாக உருவிக்கொண்டு வந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். அந்தச் சோதனையை நாங்கள் வண்டியை விடுவதற்கு முன்பே செய்திருக்கலாம், அப்போது தெரியவில்லை.

படங்கள் எல்லாவற்றையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். சிலிகான் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வென்ட் துளைகளை அடைத்தது பற்றிக் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

நீங்கள் வண்டியை விடும்போது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் வேலையில் கை வைக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். தட்டில் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா, கீழ் வென்ட்டைத் திறந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது இந்த வேலை செய்து வாங்கியிருந்தால், இன்றைக்கே வெளியே போய் வென்ட் துளைகளைப் பாருங்கள். சிலிகானோ டேப்போ அடைத்திருந்தால், அதை எடுத்து உரிமம் உள்ளவரிடம் காட்டும் வரை பிரிட்ஜைக் கேஸில் ஓடவிடாதீர்கள். உள்ளே ஆள் தூங்கும் வண்டி அது.